பேட்: ஆராதனைக்கு ஒத்து ஊதும் ஒலி

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டாள்: "ஏல, கரண்டு போயிட்டோ? உள்ள ஜெனரேட்டர் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சே." கரண்டு போகவில்லை. ஜெபம் நடந்த பத்து நிமிடமும் கீபோர்டுக்காரத் தம்பி மெல்ல ஓடவிட்டிருந்த 'பேட்' (pad) என்ற நீண்ட பின்னணி ஒலி அது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையனிடம் விசாரித்தேன். அவனுக்கு அப்படி ஒரு சத்தம் வந்ததே தெரியவில்லை. "ஜெபம் இன்னைக்கு ரொம்ப ஆழமா இருந்துச்சுண்ணே" என்று மட்டும் சொன்னான்.

இந்த 'பேட்' என்ன சொல், எங்கிருந்து வந்தது, தமிழில் இதை எப்படிச் சொல்லலாம் என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் மெல்லிசைக் குழுக்களில் 'பேட் வாசிக்கிறவர்' என்றால் குச்சியால் தட்டித் தாளம் போடுகிறவர். 1985-இல் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த ஆக்டாபேட் வகைக் கருவி அது. கிரிக்கெட்காரர் காலில் கட்டுவதும் பேட்தான், பரீட்சைக்குக் கொண்டுபோகும் அட்டையும் பேட்தான். ஆராதனையில் சொல்லும் பேட்டுக்குத் தாளமே கிடையாது. விசையை அழுத்தியதும் 'டிங்' என்று கேட்காது. இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொண்டு பனி மாதிரி எழும்பி வரும். விரலை எடுத்த பிறகும் சட்டென்று நிற்காமல் கரைந்து போகும். சின்தசைசரில் சுருதி இம்மியளவு விலகிய அலைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து, கூர்மையான மேல் ஒலிகளை வடிகட்டி, பெரிய மண்டபத்தில் எதிரொலிப்பது போன்ற ஒரு நீட்சியைக் கொடுத்தால் பேட் தயார்.

இப்போது அதை யாரும் விரலால் வாசிக்க வேண்டியதுகூட இல்லை. பன்னிரண்டு சுருதிக்கும் ஆளுக்கொன்றாக, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் கோப்புகள் கிடைக்கின்றன. போனிலிருந்து ஓடவிட்டால் போதும். அடுத்த பாட்டுக்குச் சுருதி மாற்ற மறந்தால் மட்டும் வம்பு. அப்போது பெரியம்மாவின் ஜெனரேட்டர் எல்லார் காதிலும் ஓடும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் தலைகாட்டுகிறது. படுப்பதற்கு விரித்த வைக்கோல் கட்டுக்கு அந்தப் பெயர். அப்புறம் திண்டு, மெத்தை, உறுத்தாமல் இருக்க இடையில் வைக்கும் எதுவும் பேட் ஆனது. இசையமைப்பாளர்கள் அதை எடுத்துக்கொண்டு, பாடகரின் குரலுக்குக் கீழே வயலின்கள் நீட்டிப் பிடிக்கும் ஒலிக்குப் பெயராக்கினார்கள். 1970-களில் அந்த வயலின் கூட்டத்தின் வேலையைச் செய்ய சொலினா போன்ற விசைப்பலகைகள் வந்தன. பெயரும் கூடவே வந்தது. ஆஸ்திரேலியாவின் ஹில்சாங், கலிபோர்னியாவின் பெத்தேல் போன்ற சபைகளின் இசை உலகமெங்கும் பரவியபோது பேட்டும் பரவியது. நம் ஊர் சபைகளுக்கு அது வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

மின்னொலி வழிபாட்டுக்குள் வந்ததும் கேட்பவர்கள் இரண்டாகப் பிரிவது இன்று நேற்று நடப்பதல்ல. மின்சாரத்தை விடுங்கள், குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் குழாய் ஆர்கனையே ஸ்காட்லாந்தில் பல தலைமுறைகள் தேவாலயத்துக்குள் விடவில்லை. விசில் பெட்டி என்று அதைக் கிண்டல் செய்தார்கள். 1860-களில் எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் ஒரு ஹார்மோனியத்தைக் கொண்டுவந்து வைத்ததற்கே பெரிய சர்ச்சை. பிறகு 1935-இல் சிகாகோவில் லாரன்ஸ் ஹேமண்ட் தன் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாயே இல்லாத இதற்கு ஆர்கன் என்று பெயர் வைக்கலாமா என்ற கேள்வி அமெரிக்க அரசின் வணிக ஆணையம் வரை போனது. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்கஃபெல்லர் ஆலயத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். மறைவிலிருந்து ஒரு முறை குழாய் ஆர்கன், ஒரு முறை ஹேமண்ட். எது எது என்று கேட்பவர்கள் எழுதித்தர வேண்டும். இசையில் ஊறியவர்களே ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை தவறாகச் சொன்னார்கள். கடைசியில் ஹேமண்டுக்கு ஆர்கன் என்ற பெயர் நிலைத்தது. இன்றைக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சபைகளில் அந்த ஒலி இல்லாத ஆராதனையை நினைத்துப் பார்ப்பதே கடினம். நம் ஊரிலும் அப்படித்தான்: வெள்ளைக்காரன் பெட்டியாக வந்த ஹார்மோனியம் இல்லாமல் இன்று கீர்த்தனை பாட உட்காருவார்களா?

ஆகவே மின்சாரத்தின் மேல் யாருக்கும் நிரந்தரக் கோபம் இல்லை என்பது என் எண்ணம். பேட் பற்றிய கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு வரும் முன் தமிழ்ச் சொல்லைப் பார்த்துவிடலாம்.

நேர்ப்பொருள் பார்த்தால் திண்டு, அணை. குடத்துக்கும் தலைக்கும் நடுவே வைக்கும் சும்மாடும் ஒருவகையில் பேட்தான். குரலைத் தாங்குகிறது என்ற கருத்துக்கு சும்மாடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் "தம்பி, சும்மாடு கொஞ்சம் குறை" என்று மேடையில் யாரும் சொல்லப்போவதில்லை. 'கார்வை' என்பது ஒரு சுரத்தை நீட்டி நிற்பது. அது பாடுபவரின் செயல், பின்னணி அல்ல. 'சுருதி' மிக அகலமான சொல். 'தம்புரா' மீட்டும் கருவி. ஒவ்வொரு தந்தியின் தொடக்கமும் காதில் விழும். பேட்டில் தொடக்கமே விழக்கூடாது.

மிச்சம் இருப்பது 'ஒத்து'. நாதஸ்வரத்தோடு கூடவே ஒருவர் இன்னொரு குழலை வைத்துக்கொண்டு ஒரே சுரத்தை ஊதுவாரே, அந்தக் குழலின் பெயர் ஒத்து. அதற்கு விரல் வேலை இல்லை. அடியில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். மூக்கால் மூச்சிழுத்து, கன்னத்தில் காற்றைத் தேக்கி, இடைவெளியே தெரியாமல் ஊதவேண்டும். பேட் செய்யும் வேலை அத்தனையும் இதுதான். ஒத்தல், அதாவது இசைந்திருத்தல், என்பதிலிருந்து வந்த சொல். (உடம்பில் வைக்கும் ஒத்தடத்தை இதற்கு உறவாக்கிவிட வேண்டாம். அது ஒற்றடம், வேறு வேர்.) வேடிக்கை என்னவென்றால், இன்று பல கச்சேரிகளில் ஒத்துக்காரர் இல்லை. மின்சாரச் சுருதிப்பெட்டி அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கோயிலுக்குள் மின்னொலி வந்துவிட்டதே என்று அதைப் பார்த்து யாரும் பதறிய மாதிரி தெரியவில்லை.

'ஒத்தூதுதல்' என்று ஒரு வழக்கும் இருக்கிறதே, அது கெட்ட பொருள் ஆயிற்றே என்பீர்கள். பெரியவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுவது. எனக்கு அந்தப் பொருள்தான் இந்தச் சொல்லைப் பிடிக்கவைத்தது, ஏனென்றால் பேட்டின் மேல் இருக்கும் முக்கியக் குற்றச்சாட்டே அது. கீழே பேட் ஓடினால் மேலே எதைச் சொன்னாலும் புனிதமாகக் கேட்கிறது. ஒரு முறை ஜெபம் முடிந்தும் தம்பி பேட்டை நிறுத்தாமல் விட்டுவிட்டான். போதகர் ஐயா அறிவிப்புகளுக்குப் போய்விட்டார். வாசலில் குறுக்கே நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கச் சொன்னபோது இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றார்கள். இது பரிசுத்த ஆவியா, சின்தசைசரா என்று விமர்சகர்கள் கேட்பதை நான் சும்மா ஒதுக்க மாட்டேன். அதே சமயம், பக்கத்தில் இருப்பவர் காதில் விழுமே என்று வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சப்படுகிறவனுக்கு அந்த ஒலி ஒரு திரை போல உதவுகிறது. இருமலையும் நாற்காலி நகர்வதையும் மூடுகிறது. சுருதியை விட்டு விலகிப் பாடும் என்னைப் போன்றவர்களை இழுத்துப் பிடிக்கிறது.

ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். பாட்டோடு சேர்ந்து கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும் பேட்டுக்கு ஒத்து என்ற சொல் செல்லாது, ஒத்து ஓரிடத்தில் நிற்பது. அதற்குத் திண்டொலி என்று வேண்டுமானால் சொல்லிப் பார்க்கலாம். ஜெபத்தின் கீழே ஓடும் அசையாத பேட்டுக்கு ஒத்துதான் சரி.

கீபோர்டுக்காரத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, டி மேஜர் ஒத்தா, மைனர் ஒத்தா?" என்றான். போனில் அவன் வைத்திருந்த கோப்பை ஓடவிட்டுக் கேட்டோம். சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் இருந்தன. மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் காந்தாரத்தையே அதில் சேர்க்கவில்லை.