லாக்கில் ஒரே முகவரி இரண்டு முறை வந்தால்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சர்வரின் லாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரிக்கு வரி "10.0.0.7-இலிருந்து 10.0.0.7-க்கு" என்றே இருந்தது. தனக்குத்தானே பாக்கெட் அனுப்பிக்கொள்கிறதா என்று அரை நாள் நெட்வொர்க்கை நோண்டினோம். அங்கே ஒரு குறையும் இல்லை. லாக் வரியை அச்சிடும் ஒரே பிரின்ட்எஃப்-க்குள் ஐநெட்_என்டோஏ என்ற ஃபங்ஷனை இரண்டு முறை அழைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த ஃபங்ஷன் முகவரியை எழுத்தாக மாற்றி, தன்னிடமுள்ள ஒரே பஃபரில் (மெமரியில் ஒதுக்கிய இடத்தில்) வைத்துவிட்டு, அந்த இடத்தைச் சுட்டும் பாயின்டரைத் தருகிறது. அடுத்த அழைப்பு அதே இடத்தில் எழுதுகிறது. பிரின்ட்எஃப் வேலையைத் தொடங்கும்போது இரண்டு பாயின்டருமே கடைசியாக எழுதிய முகவரியைத்தான் காட்டும். ஐநெட்_என்டாப்-க்கு மாறினோம். அதற்கு நம் பஃபரை நாமே கொடுக்கிறோம். ஐபிவி6 முகவரிக்கும் 46 பைட் போதும்.

லாக் தப்பாக வந்தால் கண்ணில் படும். ஒரு சர்வரின் பெயருக்கு முகவரி தேடித் தரும் கெட்ஹோஸ்ட்பைநேம் செய்வது கண்ணில் படாது. அதுவும் விடையைப் பொதுவான ஓரிடத்தில்தான் வைக்கிறது. ஒரே ப்ரோகிராமுக்குள் பல த்ரெட்கள், அதாவது ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள், இருந்தால் ஒரு த்ரெட் கேட்ட பெயருக்கான முகவரியை அது படிப்பதற்குள் இன்னொரு த்ரெட்டின் விடை அழித்துவிடலாம். கனெக்‌ஷன் வேறு சர்வருக்குப் போய்விடும். ஒற்றை ஆளாக டெஸ்ட் செய்யும்போது இது வரவே வராது. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலை 2001-லேயே இந்த ஃபங்ஷனை வழக்கொழிந்தது என்று குறித்து, 2008 பதிப்பில் நீக்கியும்விட்டது. இருந்தும் பழைய கோடில் இன்னும் பார்க்கிறேன்.

2015 ஜனவரியில் வெளிவந்த 'கோஸ்ட்' பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கும். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியில், கெட்ஹோஸ்ட்பைநேம் குடும்பத்து ஃபங்ஷன்களின் உள்ளே, 2000-இல் வந்த 2.2 பதிப்பு முதல் இருந்த பஃபர் பிழை அது. 2013-லேயே திருத்தியிருந்தார்கள். ஆனால் பாதுகாப்புப் பிழை என்று யாரும் அடையாளம் காணாததால், நீண்டகால ஆதரவுள்ள பல லினக்ஸ் வெளியீடுகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை.

கெட்ஹோஸ்ட்பைநேமுக்கு மாற்று, கெட்அட்ரின்ஃபோ. விடையைத் தனி மெமரியில் பட்டியலாகத் தரும். ஃப்ரீஅட்ரின்ஃபோ கொண்டு விடுவிப்பது நம் பொறுப்பு. மாறியவர்களும் இங்கே இடறுகிறார்கள். பட்டியலின் முதல் முகவரியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஐபிவி6 ஆக இருந்து வழி அடைபட்டிருந்தால், அடுத்த முகவரி வேலை செய்யும் என்றாலும் கனெக்‌ஷன் தோற்கிறது. கனெக்ட் ஆகும்வரை பட்டியல் முழுக்க முயல வேண்டும். கெட்அட்ரின்ஃபோவில் பிழை நேர்ந்தால், வழக்கமாகப் பிழையை விளக்கும் பெர்ரர் பக்கம் போகாதீர்கள்: பிழை எண் ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பிலேயே இருக்கிறது, அதை ஜிஏஐ_ஸ்டர்எரர் விளக்கும். குறிப்பாக இஏஐ_அகெய்ன் என்ற பிழை வந்தால் 'அப்படியொரு பெயரே இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. அது தற்காலிகத் தடங்கல். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும்.

இன்னொன்று: இந்த அழைப்பு விடை வரும்வரை த்ரெட்டை நிறுத்திவைக்கும். லினக்ஸின் இயல்பு அமைப்பில் 5 விநாடி காத்திருப்பு, 2 முயற்சி. பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் ஒன்றே இருந்து அதுவும் பதில் சொல்லாவிட்டால் சுமார் 10 விநாடி. எல்லாப் பயனர்களின் கோரிக்கைகளையும் ஒரே த்ரெட்டில் மாறி மாறிக் கவனிக்கும் ஈவென்ட் லூப்புக்குள் இதை அழைத்திருந்தால் அத்தனை பயனர்களும் அந்த 10 விநாடி காத்திருப்பார்கள். தனி த்ரெட்டுக்குத் தள்ளுங்கள். இன்று உங்கள் சோர்ஸில் ஐநெட்_என்டோஏ, கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற பழைய பெயர்கள் இரண்டையும் தேடிப் பாருங்கள். சோர்ஸ் கையில் இல்லாத பைனரி என்றால் 'என்எம்' கட்டளையை '-டி' (பெரிய எழுத்து D) தெரிவுடன் ஓட்டினாலே தெரிந்துவிடும்.