கம்பளத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

பழைய பாரசீகக் கம்பளம் எந்த ஊர்த் தறியில் பிறந்தது என்று அறிய, முன்பக்கப் பூவேலையைவிடப் பின்பக்கமே நம்பகமான சாட்சி. பூக்கள் ஊர்விட்டு ஊர் போகும். காஷான் ஊரின் பதக்கத்தை (கம்பளத்தின் நடுவே வரும் பெரிய அலங்கார வடிவத்தை) இன்னொரு ஊரான தப்ரீஸிலும் நெய்யலாம். முடிச்சுப் போடும் கைப்பழக்கம் அவ்வளவு எளிதில் மாறாது.

ஒவ்வொரு முடிச்சும் பக்கத்துப் பக்கத்துப் பாவு நூல் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) இரண்டில் விழுகிறது. கம்பளி இழை இரண்டையும் சுற்றி, இரு நுனியும் நடுவே வெளிவந்தால் துருக்கி முடிச்சு. ஒன்றை மட்டும் சுற்றி, மற்றதன் அடியில் புகுந்து வந்தால் பாரசீக முடிச்சு. இதற்குச் செனே முடிச்சு என்றும் பெயர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், செனே (இன்றைய சனந்தஜ்) நெசவாளர்கள் போடுவது துருக்கி முடிச்சு!

ஒரு வரிசை முடிந்ததும் ஊடை (குறுக்கு நூல்) ஓட்டிச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். ஹமதான் கிராமங்களில் பெரும்பாலும் ஒரே ஊடைதான்; அதனால் பின்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தெரியும். பிஜாரில் தடித்த ஊடையும் சேர்த்து, கம்பளம் பலகைபோல விறைக்கும்வரை அடிப்பார்கள். அதை மடித்தால் பாவு முறியும், சுருட்டத்தான் வேண்டும்.

ஊருக்கு ஊர் வடிவம் மாறுவதற்கு முடிச்சின் அளவும் ஒரு காரணம். முடிச்சு என்பது கட்டத்தாளில் ஒரு கட்டம். தப்ரீஸில் அடர்த்தியை 'ரஜ்' கணக்கில் சொல்வார்கள்: 7 செ.மீ. அகலத்தில் எத்தனை முடிச்சு என்பது. 50 ரஜ் என்றால் சதுர செ.மீ.க்குச் சுமார் 51 முடிச்சு. அதில் கொடி வழுவழுப்பாக வளையும். ஹெரிஸில் நூல் தடிமன், முடிச்சு பெரிது. அங்கே வளைவு படிக்கட்டாகிவிடும் என்பதால் பதக்கத்தையே நேர்கோடுகளால் வரைந்துவிட்டார்கள். குறையிலிருந்து பிறந்த அழகு என்றாலும், என் கண்ணுக்கு ஹெரிஸ்தான் கம்பீரம்.

கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் பதற வேண்டாம். கறுப்புக்குச் சேர்த்த இரும்புச் சத்து கம்பளியை மெல்ல அரித்திருக்கிறது. மஞ்சிட்டியின் உறவுச் செடியின் வேரும் படிகாரமும் தந்த சிவப்புக்கு அந்தக் கதி இல்லை. ஒரே நிறத்தில் பட்டை பட்டையாகச் சாயல் மாறினால் அது 'அப்ராஷ்': வேறு தடவை சாயமேற்றிய நூல் அங்கே தொடங்கியிருக்கிறது. கவலைப்பட வேண்டியது இழைகளை விலக்கிப் பார்க்கும்போதுதான். நுனி வெளிறி, முடிச்சடியில் பளிச்சென்ற ஊதாச் சிவப்பு இருந்தால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த ஆரம்பகால அனிலின் சாயமாக இருக்கலாம், வெயிலில் நிற்காது.

முடிச்சை எண்ணும்போது இன்னொன்று. இரண்டுக்குப் பதில் நான்கு பாவு நூலில் போடுவது 'ஜுஃப்தி'. வேலை பாதி, கம்பளியும் பாதி. மேல்பரப்பு சீக்கிரம் வழுக்கையாகும். கொராசானில் இது பழைய வழக்கம், மற்ற இடங்களில் பெரும்பாலும் குறுக்குவழி.