பேரம் இல்லாத கடையில் பழைய கார் வாங்குகிறீர்களா?

"தம்பி, இங்க பேரமே கிடையாதாம். போட்டிருக்கிற விலைதான். அப்புறம் ஏமாத்த என்ன இருக்கு?"

வேளச்சேரி அக்கா ஒருவர் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். ஏழு வருடம் ஓடிய ஹேட்ச்பேக். ஒரே விலைக்கு விற்கும் சங்கிலி ஷோரூம் ஒன்றில் பணம் கட்டி, வண்டியும் வீட்டுக்கு வந்துவிட்டது. பிடிக்கவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மூன்றாவது நாள், மனத் திருப்திக்கு ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று கூப்பிட்டார்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு வண்டியைச் சோதித்துச் சொல்வது என் தொழில். அதற்கு முன் டிங்கரிங் பட்டறையில் பல வருடம் இருந்தவன். எனவே முதலில் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டரைத்தான் எடுப்பேன். கூரையில் 105 மைக்ரான். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80லிருந்து 150க்குள் இருக்கும், ஆக அது சரி. நான்கு கதவுகளும் சரி. இடது பின்பக்க பேனலில் வைத்ததும் 640 காட்டியது. அவ்வளவு கனம் பெயிண்டால் வராது, அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி இருக்கிறது.

டிக்கியைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். தகடும் தகடும் சேரும் இடத்தில் கம்பெனியில் ஒரு பசை இழுத்திருப்பார்கள். வலது பக்கம் அது கோடு போட்டது போல ஒரே சீராக ஓடியது. இடது பக்கம் பிரஷ்ஷால் தடவிய தடம் தெரிந்தது. பின்னாலிருந்து பலமாக அடி வாங்கி, டிக்கி தரை வரை மடங்கி, நிமிர்த்திய வண்டி.

அக்கா கையில் சோதனை அறிக்கை இருந்தது. பக்கம் பக்கமாகப் பச்சை டிக் மார்க். நடுவில் ஒரே ஒரு வரி: இடது பின் பேனல், மறு பெயிண்ட். அந்த வரி பொய் இல்லை. ஆனால் டிக்கித் தரையைப் பற்றி எங்கேயும் ஒரு சொல் இல்லை. எத்தனை பாயிண்ட் சோதித்திருந்தாலும், அது விற்பவர் தயாரித்த அறிக்கை என்பதை மறக்கக் கூடாது.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது இதுதான். புரோக்கரிடம் வாங்கும்போது நம் ஆட்கள் தெரிந்த மெக்கானிக்கையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போவார்கள். பானெட்டைத் திறப்பார்கள், டயரை உதைப்பார்கள், குறை தேடுவார்கள். குறை கிடைத்தால்தானே விலையைக் குறைக்கலாம்? இங்கே விலை குறையாது என்றதும் குறை தேடுவதையும் விட்டுவிடுகிறார்கள். பேரத்தோடு சோதனையும் போய்விடுகிறது.

ஒரே விலை முறையை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் சர்க்கிட் சிட்டி என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலி, 1993ல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் கார்மேக்ஸைத் தொடங்கி இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. நம் ஊரில் இணையம் வழியாக விற்கும் கம்பெனிகள் கடந்த பத்து வருடத்தில் பரப்பியிருக்கின்றன. பேரம் பேசத் தெரியாதவரும் தனியாகப் போகும் பெண்களும் அடுத்தவர் கொடுக்கும் அதே விலைக்கு வாங்க முடிகிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் அசையாமல் நிற்பது வண்டியின் விலை மட்டும். கடன் வட்டி, பிராசஸிங் கட்டணம், கூடுதல் வாரண்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அசையும். 4 லட்சம் கடனை 5 வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 11 சதவீத வட்டிக்கு மாதத் தவணை சுமார் 8,700 ரூபாய். 15 சதவீதம் என்றால் சுமார் 9,500. கணக்குப் போட்டால் மொத்தத்தில் சுமார் 49,000 ரூபாய் வித்தியாசம். "9 சதவீதம் ஃபிளாட்" என்று சொன்னால் இன்னும் உஷாராகுங்கள். அசல் குறைந்தாலும் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி போடுவதுதான் ஃபிளாட். ஐந்து வருடக் கடனுக்கு அது, குறையும் அசலில் போடும் வட்டியாக ஏறக்குறைய 16 சதவீதம். கடனை அங்கேயே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் வங்கியில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

வாரண்டித் தாளில் என்ன சேரும் என்பதைவிட என்ன சேராது என்பதை முதலில் படியுங்கள். கிளட்ச், பிரேக் பேட், பேட்டரி, டயர் போன்ற தேயும் பொருட்கள் பொதுவாக அதில் வராது. பழைய வண்டியில் முதலில் செலவு வைப்பதே அவைதான்.

ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது பழைய ஓனரின் கடனுக்கான அடமானப் பதிவு, நீக்கப்பட்டிருக்கிறதா, எத்தனையாவது ஓனர், சேஸிஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி. எண்ணும் ஒன்றா, பாக்கி சலான் (போக்குவரத்து அபராதம்) உண்டா என்று பாருங்கள். சலானை மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்திலேயே தேடலாம். பழைய வண்டி விற்கும் டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் இடித்துவிட்டால் உங்கள் வண்டியின் ரிப்பேர் செலவுக்கு கிளைம் கிடைப்பது கஷ்டம். முந்தைய ஓனரின் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காததற்காக அவருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடி, உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

அக்கா அன்று மாலையே திருப்பிக் கொடுக்க எழுதிவிட்டார், போனில் சொன்னதோடு நிறுத்தாமல் மெயிலும் அனுப்பினார். மீட்டர் காட்டிய எண்ணின் போட்டோ, டிக்கித் தரையின் போட்டோ இரண்டும் அதில் இருந்தன. பணம் வந்தது. இரண்டு வாரம் கழித்து அதே கடையில், அதே மாடலில் வேறு வண்டி பார்த்தார். இந்தத் தடவை பணம் கட்டுவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டார்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவரே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். 2015லும் 2023லும் டிசம்பர் வெள்ளத்தைத் தெருவில் பார்த்தவர், முழுகிய வண்டியை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெல்ட் சுத்தமாக இருந்தது. சீட் தண்டவாளத்து போல்ட்டில் துரு இல்லை. மீட்டர் சுற்றிலும் 100, 110, 120 என்றே காட்டியது. டயர்கள் மட்டும் பழசு, பக்கவாட்டில் 1418 என்று இருந்தது. 2018ஆம் வருடம் 14ஆவது வாரம் செய்தவை.

"அப்போ நாலு டயரும் மாத்தணும். அதையும் சேர்த்தா என்ன விலை ஆகுது தம்பி?" என்றார். கூட்டிச் சொன்னேன். ஐந்து நிமிடம் யோசித்துவிட்டுப் பணம் கட்டினார்.