கேட்ச் அப்: பிடிப்பதா, அளவளாவுவதா?

பத்து வருஷமாகப் பேச்சே இல்லாத கல்லூரி நண்பனிடமிருந்து போன வாரம் ஒரு வாட்ஸ்அப்: ‘லெட்ஸ் கேட்ச் அப், மச்சி.’ அகராதியில் கேட்ச் என்றால் பிடி. யாரை, எங்கே பிடிப்பது?

இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் கேட்ச். துரத்தலைக் குறிக்கும் சேஸ் அதற்கு உடன்பிறப்பு. கேட்சுக்கும் முதலில் துரத்துவது என்ற பொருள் உண்டு. அப் சேர்ந்தால், முன்னால் போய்விட்டவரை ஓடிப்போய் எட்டிப்பிடிப்பது. அப்புறம் விட்டுப்போன பாடம், தூக்கம், வேலை என்று எந்தப் பாக்கியை ஈடுகட்டுவதற்கும் அது பொதுவானது. நண்பர்களுக்குள்ளும் பாக்கிதான்: அவன் கல்யாணம், மாறிய வேலை, அப்பாவுக்கு நடந்த ஆபரேஷன், இப்படி நமக்குத் தெரியாமல் ஓடிவிட்ட வருஷங்கள். ஆளைச் சொன்னால் ‘கேட்ச் அப் வித்’, சேதியைச் சொன்னால் ‘கேட்ச் அப் ஆன்’. நம்மவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான்.

கூடவே வரும் ‘லாங் டைம் நோ சீ’ இலக்கணத்துக்கு அடங்காதது. 1900 வாக்கில் அச்சில் தென்பட்டபோது, அமெரிக்கப் பழங்குடியினரின் உடைந்த ஆங்கிலமாக அது காட்டப்பட்டது. ‘ஹாவ் ஜியு பு ஜியென்’ என்ற சீனத் தொடருக்கும் அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. இன்று யாரும் அதைத் தப்பான ஆங்கிலம் என்பதில்லை. ஒரு எச்சரிக்கை: ‘என்னடா இப்படி இளைச்சுட்டே!’ என்ற நம் பாசத்தை ஆங்கிலத்தில் போட்டால் எதிராளி முகம் சுண்டிவிடும். ‘யூ ஹேவ்ன்ட் சேஞ்ச்ட் எ பிட்’ போதும்.

சரி, தமிழில்? சந்திப்பு என்றால் அலுவலக வாடை. நலம் விசாரிப்பது ‘சௌக்கியமா?’வோடு முடிந்துவிடும். குசலம் வடசொல், அதுவும் அவ்வளவே. எனக்குப் பொருத்தமாகப் படுவது அளவளாவுதல். ‘அளவளாவு இல்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று’ என்பது குறள் (523). உறவோடு கலந்து பழகாதவன் வாழ்க்கை, கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தது போல. பரிமேலழகர் இதற்கு ‘நெஞ்சு கலத்தல்’ என்று உரை சொல்கிறார். அளாவுதல் என்றாலே கலத்தல். ‘சிறுகை அளாவிய கூழ்’ (64) என்ற இடத்தில் குழந்தையின் கை சோற்றைத் துழாவுவதைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லில் ஓட்டம் இருக்கிறது, தமிழ்ச் சொல்லில் கலப்பு.

எழுத்தில் அளவளாவுதல் அழகு. நேர்ப்பேச்சில் ‘வாடா, அளவளாவலாம்’ என்றால் பட்டிமன்ற மேடை ஞாபகம் வரும். ‘உட்கார்ந்து பேசி எவ்வளவு நாளாச்சு’ போதும். இன்னொன்று: நாள் குறிக்காத ‘லெட்ஸ் கேட்ச் அப் சூன்’, நம்மூர் ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’ மாதிரிதான். நண்பனுக்கு ‘சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி, டீக்கடை’ என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது.