சாலிடாரிட்டி: ஒருமைப்பாடா, தோழமையா, பிணையா?

அமெரிக்கத் தொழிலாளர் வர்க்கத்து லெஸ்பியன் எழுத்தைத் தமிழாக்க உட்கார்ந்தால், இனவெறி, வர்க்கம், வேலைநிறுத்தம் எல்லாம் தடையில்லாமல் வந்துவிடும். பிறர் போராட்டத்துக்குத் தோள்கொடுத்து நிற்பதைக் குறிக்கும் ‘சாலிடாரிட்டி’ வந்ததும் பேனா நிற்கும். அகராதி ‘ஒருமைப்பாடு’ என்கிறது. இந்த இலக்கியத்துக்கு அந்தச் சொல் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘சாலிடஸ்’ என்றால் திண்மையானது, முழுமையானது. ரோமானியச் சட்டப்படி பலர் ஒரு கடனுக்கு ‘இன் சாலிடம்’ பொறுப்பேற்றிருந்தால், கடன் கொடுத்தவர் அவர்களில் எவரிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம். ‘என் பங்கைக் கட்டிவிட்டேன்’ என்று யாரும் ஒதுங்க முடியாது. பிரெஞ்சுச் சட்டமொழியில் வளர்ந்த சொல்லை 19ஆம் நூற்றாண்டில் தொழிலாளர் இயக்கங்கள் எடுத்துக்கொண்டன.

ஒருமைப்பாடு என்பது வேற்றுமைகள் கரைந்து ஒன்றாகும் நிலை. தேசிய ஒருமைப்பாடு என்று கேட்டே பழகிய காதுக்கு வேறெப்படியும் ஒலிக்காது. பாட் பார்க்கர் கேட்டது அதை அல்ல. 1944இல் ஹூஸ்டனில் பிறந்த கறுப்பின லெஸ்பியன் கவிஞர் அவர். தந்தை டயர் ரீட்ரெடிங் தொழிலாளி, தாய் வீட்டுவேலை செய்தவர். தன்னோடு நட்பாக விரும்பும் வெள்ளையருக்கு ஒரு கவிதையில் இரண்டு விதிகள் சொல்கிறார்: நான் கறுப்பர் என்பதை முதலில் மறந்துவிடு, அடுத்து, அதை ஒருபோதும் மறக்காதே. இந்த இரண்டாம் விதியை ‘ஒருமைப்பாடு’ விழுங்கிவிடும்.

1863இல் அடிமைமுறையை எதிர்த்த கறுப்பினப் போராளி ஹாரியட் டப்மன் முன்னின்று 700க்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்ட ஆற்றின் பெயரைத் தாங்கியது பாஸ்டனின் கொம்பாஹி ரிவர் கலெக்டிவ். கறுப்பின லெஸ்பியன் பெண்ணியவாதிகள் முன்னின்று நடத்திய அமைப்பு. அதன் 1977 அறிக்கையில் ‘சாலிடாரிட்டி’ என்ற சொல்லே வருகிறது: முற்போக்கான கறுப்பின ஆண்களோடு தங்களுக்கு அது உண்டு என்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து இனவெறியை எதிர்க்கிறோம், ஆணாதிக்கம் குறித்து அவர்களோடேயே மோதவும் செய்கிறோம் என்றும் சொல்கிறார்கள். வெள்ளைப் பெண்கள் இயக்கத்துக்குள் இருக்கும் இனவெறியை ஒழிக்கும் வேலையை வெள்ளைப் பெண்கள்தான் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு.

அந்த வேலையைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டவர் லெஸ்லி ஃபைன்பெர்க். பஃபலோ நகரத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்த யூதர். 1993இல் ‘ஸ்டோன் புட்ச் புளூஸ்’ நாவலை எழுதியவர். தன்னை அறிமுகப்படுத்தும்போது, இனவெறியை எதிர்க்கும் வெள்ளையர் என்பதை முதலில் வைத்துவிட்டுத்தான் தொழிலாளர், லெஸ்பியன், கம்யூனிஸ்ட் என்று அடுக்குவார். தன்னைக் காத்துக்கொண்டதற்காகச் சிறைப்பட்ட கறுப்பினத் திருநங்கை சிசி மெக்டொனால்டுக்காக, கடும் நோயோடு இருந்தும் 2012இல் மினியாபோலிஸ் போராட்டத்தில் கைதானார். நாவலின் 20ஆம் ஆண்டுப் பதிப்பை அவருக்கே காணிக்கையாக்கினார்.

பெயர்ச்சொல்லாக வேண்டிய இடத்தில் ‘தோழமை’ போதும். இடதுசாரி மேடைகளில் ஏற்கெனவே புழங்கும் சொல். ஆனால் கடன் பொறுப்பு என்ற வேர்ப்பொருளை ஏந்தி நிற்பது ‘பிணை’. பிணைப்பும் அதில் இருக்கிறது, ஜாமீனும் இருக்கிறது. பிணை நிற்பவர் கடனாளியாக மாறிவிடுவதில்லை, அவரோடு வாதாடும் உரிமையை இழப்பதும் இல்லை. அதனால் கொம்பாஹி அறிக்கையின் அந்த இடத்தை நான் இப்படி எழுதுவேன்: ‘கறுப்பின ஆண்களுக்குப் பிணை நிற்கிறோம், அவர்களோடு சண்டையும் போடுகிறோம்.’