பேரடைக் கொத்து: ஒரு சொல்லும் அதன் காம்பும்

வானியல் செய்திகளைத் தமிழில் படிக்கும்போது என்னை அடிக்கடி குழப்பும் சொல் 'நட்சத்திரக் கூட்டம்'. கார்த்திகை அறுமீனுக்கும் அதுதான், ஓரியனுக்கும் அதுதான், பால்வீதிக்கும் அதுதான். 'கேலக்ஸி கிளஸ்டர்' என்று வந்தால் அதற்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். அறுமீனில் உள்ளவை ஆயிரம் சொச்சம் விண்மீன்கள். கேலக்ஸி கிளஸ்டரில் இருப்பவையோ நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரத்தையும் தாண்டும் கேலக்ஸிகள். அந்த ஒவ்வொன்றுக்குள்ளும் கோடிக்கணக்கில் விண்மீன்கள் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் படிப்பவர் என்னதான் செய்வார்?

கேலக்ஸி என்ற சொல் பாலைக் குறிக்கும் 'காலா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வானில் பால் சிந்தியதுபோல் தெரியும் பட்டைக்கு மட்டுமே அது முதலில் பெயர். பால்வீதிக்கு வெளியேயும் அதுபோன்றவை உண்டு என்பது 1920களில் உறுதியான பிறகுதான் அது பொதுப்பெயராக நிலைத்தது. தமிழில் விண்மீன் மண்டலம், உடுத்திரள், பேரடை என்று பல சொற்கள் உலவுகின்றன. எனக்குப் பிடித்தது பேரடை. 'அடை' என்றதும் தேனடை நினைவுக்கு வருகிறது. நெருங்கிச் செறிந்த ஒன்று என்ற உணர்வு சொல்லிலேயே இருக்கிறது.

சரி, கிளஸ்டர்? பழைய ஆங்கிலத்தில் அது திராட்சைக்குலை போன்ற கொத்தைக் குறித்த சொல். நம்மிடம் கொத்து என்ற சொல் தயாராகவே இருக்கிறது. திரள், கூட்டம், குவியல் ஆகியவற்றைவிட இதுவே பொருத்தம் என்பேன். கூட்டம் எப்போது வேண்டுமானாலும் கலையும். கொத்துக்கு ஒரு காம்பு உண்டு, எல்லாவற்றையும் அதுதான் பிடித்து வைத்திருக்கும்.

பேரடைக் கொத்தின் காம்பு ஈர்ப்பு விசை. 1933-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா என்ற பேரடைக் கொத்தை ஆராய்ந்தபோது, அங்குள்ள பேரடைகள் ஓடும் வேகத்துக்கு அந்தக் கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும் என்று கண்டார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அதைக் கட்டிவைக்கப் போதாது. தெரியாத ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது என்று சொல்லி, அதைக் கரும்பொருள் என்றார். இன்றைய கணக்கில் ஒரு கொத்தின் நிறையில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு அதுதான். மிச்சத்திலும் பெரும்பகுதி பேரடைகளுக்கு இடையே பரவிக் கிடக்கும் வாயு. விண்மீன்களின் பங்கு மிகச் சிறிது.

அந்த வாயு கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. அவற்றை நம் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. அதனால்தான் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி இந்த வாயுவைப் படம் பிடிக்கிறது. ஹபிள், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் வேறு வழியில் வருகின்றன. கொத்தின் ஈர்ப்பு, பின்னால் உள்ள பேரடைகளின் ஒளியைக் கண்ணாடி வில்லை (லென்ஸ்) போல் வளைத்து, வில் வடிவக் கீற்றுகளாக நீட்டுகிறது. வளைவை அளந்தால் கொத்தின் நிறை கிடைத்துவிடும். தெரியாத காம்பையும் இப்படி எடைபோட்டுவிடலாம்!

தொலைவில் உள்ள பெருங்கொத்துகளில் பேர்பெற்றது 'எல் கோர்டோ'. ஸ்பானிய மொழியில் குண்டன் என்று பொருள். அதன் ஒளி நம்மை வந்தடைய 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, நிறையோ 2,000 லட்சம் கோடி சூரியன்களுக்கும் அதிகம். உண்மையில் இரண்டு கொத்துகள் மோதிக்கொண்டிருக்கும் இடம் அது.

பல கொத்துகள் சேர்ந்த 'சூப்பர் கிளஸ்டர்' என்பதை மீக்கொத்து என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது முழுமையாக ஈர்ப்பால் கட்டுண்டதல்ல, அண்டம் விரிய விரியப் பிரிந்துபோகும். காம்பில்லாததை எப்படிக் கொத்து என்பது? பெருந்திரள் என்றால் போதும்.

அப்புறம் 'புரோட்டோ கிளஸ்டர்' இருக்கிறது. ஏபெல் 2744 என்ற கொத்தின் வில்லை வழியாகப் பார்த்து, பெருவெடிப்புக்கு 65 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய ஏழு பேரடைகள் ஒன்றுசேரத் தொடங்கியிருப்பதை வெப் தொலைநோக்கி 2023-இல் உறுதிசெய்தது. பின்னாளில் பெருங்கொத்தாகப் போகிற அதற்கு நான் வைக்க விரும்பும் பெயர் அரும்புக்கொத்து.