பழைய உறுதியை வீசிவிடாதீர்கள்

காணி விற்க வருகிறவர்கள் ஒரு கட்டு உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, மேசையில் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் கேட்பார்கள்: "இந்தப் பழசெல்லாம் இனி என்னத்துக்கு?" பூட்டன் பூட்டியைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளோ அந்தப் பழசைத்தான் கேட்கிறார்கள். மட்டக்களப்பில் உறுதி எழுதிக் கொடுக்கிற நொத்தாரிசு வேலை பார்க்கிற எனக்கு இந்த இரண்டு கேள்வியும் அடிக்கடி வருகின்றன.

தேட வருகிறவர்கள் அநேகமாகத் தகப்பன் வழியில் தொடங்குகிறார்கள். நமக்குத் தகப்பன் பெயர்தான் முதலெழுத்து, அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாததற்கு ஆண்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு வளவு மகளுக்குச் சீதனம். 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு, தாய்வழியில் சொத்துக் கொடுத்த பழைய முக்குவர் சட்டம் வழக்கொழிந்தாலும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. குடி என்கிற குலப்பிரிவும் தாய்வழியில்தான் வருகிறது, தமிழருக்கும் சரி, இங்குள்ள முஸ்லிம்களுக்கும் சரி. ஆகவே அம்மம்மாவின் வளவிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு பழைய சீதன உறுதியை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். கொடுக்கிறவர் யார், மகள் யார், மாப்பிள்ளை எந்த ஊர் என்பதெல்லாம் முன்பக்கத்திலேயே கிடைக்கலாம். அப்புறம் அந்த வளவு கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்ற வரி. "என் தாயாரிடமிருந்து சீதனமாகக் கிடைத்து" என்று எழுதி, முந்தைய உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் இருந்தால் அடுத்த தலைமுறைக்கு வழி திறந்துவிட்டது. எல்லைகளையும் விடாதீர்கள். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய வளவு என்று இருக்கும். தாய் ஒரு வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால், அந்தக் கிழக்கு வளவுக்காரி கூடப்பிறந்தவளாகவே இருக்கலாம். நாலு எல்லையையும் ஒரு தாளில் கீறுங்கள், மறந்துபோன பெரியம்மா சின்னம்மாமார் வெளியே வருவார்கள். வயல் உறுதியென்றால் வட்டையின், அதாவது அந்த வயல்வெளியின், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உறுதி தொலைந்துவிட்டதா? 1978 நவம்பர் 23 புயலிலும், யுத்தத்திலும், 2004 சுனாமியிலும் எத்தனையோ வீடுகளில் பெட்டியோடு போய்விட்டது. ஆனால் உறுதி முடிந்தால் ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று நொத்தாரிசிடம், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால், பதிவகத்தில் பிரதி கேட்டுப் பார்க்கலாம்.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1867 இல் சட்டம் வந்தது. அதற்கு முந்தியதென்றால் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். மெதடிஸ்த மிஷன் 1814 இலேயே இங்கு வந்துவிட்டது. போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் குடும்பங்களுக்குத் தேவாலயப் பதிவேடு இன்னும் முக்கியம். சைவக் குடும்பங்கள் தங்கள் குடிக்கு எந்தக் கோயிலில் உரிமை இருந்தது என்று கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்மாரிடம் விசாரிக்கலாம். ஒல்லாந்தர் காலக் கடதாசி தேடுகிறவர்கள் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும்.

கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு விசயம்: அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். அதற்கு முந்திய கடதாசிகளில் மட்டக்களப்பு மாவட்டம் என்றுதான் இருக்கும், அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

கையில் இருக்கும் உறுதியை லமினேட் பண்ணாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம், காலப்போக்கில் கடதாசியைக் கறையாக்கிவிடும். வெளிச்சத்தில் வைத்து இரு பக்கமும் படமெடுத்து, குடும்பத்தில் நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள். முத்திரையையும் ஓரத்துக் கிறுக்கலையும் சேர்த்தே எடுங்கள்.